இலை மாடியில் காய்ந்த இமயமலை

கைபேசியைத் தொடாமல் பதில் சொல்லுங்கள் பார்ப்போம். இமயமலையில் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும் மூன்று மலைத்தொடர்களின் பெயர் என்ன? நம் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கியிருப்பீர்கள். காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே நினைவில் நிற்காத நமக்கு, எட்டாம் வகுப்புப் புவியியல் எங்கே நிற்கப் போகிறது? ஆனால் என்னை எப்போது கேட்டாலும் சொல்வேன். தெற்கே சிவாலிக், நடுவில் ஹிமாச்சல், வடக்கே ஹிமாத்ரி. ஒன்றைவிட ஒன்று உயரம். நான் அதை மனப்பாடம் செய்யவில்லை. நானும் இரண்டு தோழிகளுமாக மூன்றையும் கையால் செய்து, ஒரு தேயிலை ஃபேக்டரி மாடியில் காயப்போட்டு, ஒரு பாவமும் அறியாத பெண்மணியின் வேலைக்கு உலை வைத்தோம். மறக்குமா?

அப்போது நாங்கள் தேவாலாவில் இருந்தோம். ஊட்டியில் பெய்வதை மழை என்று சொல்கிறவர்கள் தேவாலாவுக்கு ஒரு ஆடி மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். துவைத்த பாவாடை நான்கு நாள் கொடியில் கிடந்து, ஐந்தாம் நாள் மறுபடியும் துவைக்கக் கேட்கும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம். பள்ளி நோட்டின் தாள்கள் அப்பளம் நமுத்துப் போவதுபோல் நமுத்துவிடும், பேனா மை பரவி மூன்றும் எட்டும் ஒன்றாகிவிடும். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்களுக்கு இன்றுவரை அந்த மழையைத்தான் காரணம் சொல்லி வருகிறேன்.

அந்த ஆண்டு எங்களுக்குப் புவியியல் எடுக்க வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து வாத்தியார். மலையையே அதுவரை பார்க்காதவர். காதுவரை இறங்கிய கம்பளிக் குல்லாவோடு வகுப்புக்கு வந்து, மலையிலேயே பிறந்த எங்களுக்கு மலையைப் பற்றிப் பாடம் எடுத்தார். கரும்பலகையில் மூன்று வளைந்த கோடுகள் போட்டார். இமயமலை ஒரே மலை என்று நினைக்காதீர்கள், அது வரிசை வரிசையாக எழுந்து நிற்பது, வரிசைகளுக்கு நடுவே பள்ளத்தாக்குகள், அவற்றில் ஊர்கள், ஆறுகள், ஆப்பிள் தோட்டங்கள் என்றார். ஆப்பிள் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்தச் சூட்டோடு சூடாக அவர் இன்னொன்றும் சொன்னார். ஊட்டியில் பள்ளிகளுக்கான பொருட்காட்சி நடக்கப் போகிறது, நம் வகுப்பிலிருந்து இமயமலை போக வேண்டும். செய்கிறவர்களை அவரே பஸ்ஸில் கூட்டிப் போய், ஓட்டலில் பூரி வாங்கித் தருவார். கை தூக்கியவர்கள் நாற்பது பேர். பூரிக்குத் தூக்கிய கைகள் எவை, இமயமலைக்குத் தூக்கிய கைகள் எவை என்று அவருக்குத் தெரியாது. ஏதோ கணக்கில் என்னையும், பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகளையும், எஸ்டேட் லாரி டிரைவரின் மகளையும் தேர்ந்தெடுத்தார். இரண்டும் கெட்டான் உயரத்தில் இருந்த எனக்கு நடுத்தொடரான ஹிமாச்சல் வந்தது. மிக உயரமான ஹிமாத்ரியைக் கடைக்காரர் மகள் எடுத்துக்கொண்டாள். மைதா, பழைய செய்தித்தாள், வேலை செய்ய இடம் எல்லாம் அவள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும், அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சிவாலிக் டிரைவர் மகளுக்கு. குட்டி மலை என்று இரண்டு நாள் அழுதாள்.

தேயிலைப் பெட்டிகளை உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஒட்டுப்பலகையில் செய்து, ஓரங்களில் தகரப் பட்டை அடித்து, உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் ஈயத் தாள் ஒட்டிய பெட்டி. வீடு மாறும்போது நம் சொத்து முழுவதும் அதில்தான் போகும். இப்போது சாக்குக் காகிதப் பைகள் வந்து, அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. உடைந்த பெட்டியின் பலகைகளில் மூன்று நீளத் துண்டுகள் எடுத்து, அவற்றின் மேல் காகிதக் கூழால் மலைகளை எழுப்பினோம். ஹிமாத்ரியின் பனிக்கு ஈயத் தாள். கூழில் பூச்சி பிடிக்காமல் இருக்கவும், நன்றாக இறுகவும் வெந்தயத்தை அரைத்துச் சேர்க்க வேண்டும் என்று கடைக்காரர் மகளின் உம்மா சொன்னார்கள். சொன்னதோடு நில்லாமல் ஒரு படி வெந்தயத்தை ஊற வைத்து அரைத்தும் கொடுத்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் முழங்கை வரை கூழோடு நாங்கள் மூவரும் சிகரம் பிடித்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உலகத்தில் வேறு யாருக்கும் அப்படிப்பட்ட சந்தோஷம் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் மலை காயவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. தொட்டால் விரல் உள்ளே போனது. சிவாலிக்கில் பச்சைப் பூஞ்சை படர்ந்தது. வாத்தியார் குனிந்து பார்த்துவிட்டு, சிவாலிக் அடர்ந்த காடுகள் உள்ள தொடர்தான், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றார். ஹிமாத்ரி மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து, நாளுக்கு நாள் உயரம் குறைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது இமயமலை சமவெளி ஆகிவிடும் என்று கடைக்காரர் மகள் கவலைப்பட்டாள்.

தேவாலாவில் அந்த மாதத்தில் காய்ந்த காற்று வீசுகிற இடம் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியின் மேல்மாடி. என் அப்பா அந்த ஃபேக்டரியில் டீமேக்கர், கொழுந்து வாடுவதிலிருந்து தேயிலையாகிப் பெட்டிக்குள் போவது வரை அவர் பொறுப்பு.

பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நேராக அரைக்க முடியாது, முதலில் வாட்ட வேண்டும். அதற்காக மாடியில் நீள நீளத் தொட்டிகள் வரிசையாகக் கிடக்கும். தொட்டியின் மேல் கம்பி வலை, வலையின் மேல் முழங்கால் உயரத்துக்குக் கொழுந்து. வலைக்கு அடியில் காற்றாடி வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். மழை நாளில் அந்த மாடிக்குள் நுழைந்தால் உடம்பே சிரிக்கும். பச்சை இலை வாடும்போது வருகிற வாசனை பழுத்த கொய்யாவும் அறுத்த புல்லும் கலந்தது மாதிரி இருக்கும். அதை இன்னொரு முறை முகர வேண்டும் என்பதற்காகவே எங்காவது ஒரு ஃபேக்டரிக்கு என்னைக் கூட்டிப் போங்கள் என்று பிள்ளைகளிடம் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

தேயிலை பொல்லாத இலை. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் குடித்துவிடும். அதனால் மாடியில் வேலை செய்கிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, பவுடர் பூசக் கூடாது, வாசனை சோப்பு கூடாது, பீடி அறவே கூடாது. எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். அப்பா தேநீரைச் சுவைத்துப் பார்க்கப் போகும் நாட்களில் அம்மா பெருங்காய டப்பாவைத் திறக்க மாட்டாள். அப்பாவின் சட்டைகள் இருந்த பெட்டியில் பூச்சி உருண்டை போட மாட்டோம். பூச்சி தின்ற சட்டையோடு அப்பா மிகுந்த பெருமையாக ஃபேக்டரிக்குப் போவார். அவருடைய மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. எந்தச் சரிவில் பறித்த கொழுந்து என்று கோப்பையை முகர்ந்தே சொல்லுவார். அந்த மூக்கை நாங்கள் வீட்டில் ஒரு மாமனாரைப் போல மரியாதையாக நடத்தினோம்.

இந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், தலைகீழாகத் தெரியும். ஆனால் எண்ணெய், பூ, பவுடர், சோப்பு, பீடி என்ற அந்தப் பட்டியலில் மலை இல்லையே. பன்னிரண்டு வயதில் நமக்கு இருந்த சட்ட அறிவு அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மாலை அப்பாவுக்குக் காப்பி கொண்டு போகிற சாக்கில் மூவரும் ஃபேக்டரிக்குள் நுழைந்தோம். மலைகளைச் சாக்குத் துணியில் சுற்றி, பள்ளிக்கூடத்துச் சாமான் என்று வாட்ச்மேனிடம் சொன்னோம். அப்பா கீழே இயந்திரங்களோடு இருந்தார். அன்று மாடியில் இருந்தவர் மாடி அக்கா மட்டும்தான். நாங்கள் வைத்த பெயர் அது. சிலோனில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். ஃபேக்டரியை ஸ்டோரு என்பார், கொழுந்து பறிக்கிற காட்டை மலை என்பார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மழையில் நனைந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும். அந்த இழுப்புக்காகத்தான் டாக்டர் எழுதிக் கொடுத்து, அவரைக் காட்டு வேலையிலிருந்து மாடிக்கு மாற்றியிருந்தார்கள். காய்ந்த காற்று பட்டால் நெஞ்சு திறந்த மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த லோடு கொழுந்தை வாங்கக் கீழே இறங்கிப் போனார்.

ஒவ்வொரு தொட்டியின் முனையிலும் உதிர்ந்த இலையைக் கூட்டி எடுக்க ஒரு சின்னக் கதவு உண்டு. கதவைத் திறந்து, வலைக்கு அடியில், காற்று நேராக வந்து மோதுகிற இடத்தில் ஒரு தொட்டிக்கு ஒரு மலை என்று செருகினோம். அந்த அவசரத்திலும் கடைக்காரர் மகள் விடவில்லை. தெற்குப் பக்கத் தொட்டியில் சிவாலிக்தான் போக வேண்டும், வடக்கே ஹிமாத்ரி, முறை மாறக் கூடாது என்று காதுக்குள் அதட்டினாள். ஆக, முறைப்படி ஒன்றுக்கொன்று இணையாக மூன்று தொடர்களையும் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிறு மத்தியானம் ஃபேக்டரி ஓய்ந்து கிடந்தபோது போய் எடுத்தோம். தட்டினால் டொக் டொக் என்றது. பூஞ்சை உதிர்ந்துவிட்டது, சரிந்த ஹிமாத்ரி சரிந்த மேனிக்கே கல்லாகிவிட்டது. கிடங்கில் வைத்து மூவரும் கைகோத்துச் சுற்றிச் சுற்றி ஆடினோம்.

திங்கட்கிழமை அப்பா சாப்பிட வரவில்லை. மாலையில் வந்தவர் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சனிக்கிழமைக் கொழுந்தில் செய்த தேயிலையில் வாசம் ஏறிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். மூன்று தொட்டி இலை வீண், எருக்குழிக்குப் போக வேண்டியதுதான், மேனேஜர் நேரில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார் என்றார். என்ன வாசம் என்று அம்மா கேட்டாள். வெந்தயம் என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் என் விரல்களை முகர்ந்து பார்த்தேன்.

நம் ஊரில் வெந்தயம் என்றால் இரண்டு இடம்தான், ஒன்று குழம்பு, இன்னொன்று கூந்தல். மாடியில் யாரும் குழம்பு வைக்கவில்லை. மிச்சம் இருப்பது வெந்தயம் ஊறப்போட்ட தேங்காயெண்ணெய். சனிக்கிழமை மாடியில் இருந்த பெண் ஒருத்திதான். அப்பா இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவுக்கு வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோர் முன்னாலும் மாடி அக்காவைக் கேட்டார். அவர் எண்ணெய் வைக்கவில்லை என்றார். அப்பா நம்பவில்லை. அன்றே அவரைக் காட்டு வேலைக்கு அனுப்பி, இனி மாடிப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா மெதுவாக, அந்தம்மா அப்படிச் செய்கிற ஆளா என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஆளப் பத்தி எனக்குத் தெரியாது. என்ற மூக்கு பொய் சொல்லாது" என்றார் அப்பா.

மூக்கு பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். அதற்கு மேல் அப்பா சேர்த்துக்கொண்டதுதான் பொய். இந்த வித்தியாசம் எனக்கே பிள்ளைகள் பிறந்து, நானும் இப்படி நாலு தீர்ப்புச் சொல்லி அசடு வழிந்த பிறகுதான் புரிந்தது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள், மறைக்காதீர்கள்.

நாங்கள் மூவரும் கிடங்கில் கூடினோம். சொல்லிவிடலாம் என்றேன். சொன்னால் மலைகள் மூன்றும் அடுப்புக்குத்தான் போகும், பொருட்காட்சி முடியட்டும், ஊட்டியிலிருந்து வந்த மறுநாளே சொல்லிவிடலாம் என்றாள் கடைக்காரர் மகள். பொருட்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம்தானே என்று எனக்கும் தோன்றியது. ஹிமாத்ரியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அக்காவைவிடப் பூரிதான் பெரிதாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பள்ளிக்குப் போகிற வழி தேயிலைக் காட்டுக்கு நடுவேதான். முதல் நாள் நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. பறிக்கிறவர்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையிலிருந்து முழங்கால் வரை போர்த்தி, காலில் அட்டை ஏறாமல் இருக்க உப்பும் புகையிலையும் வைத்துக் கட்டிய துணியைத் தேய்த்துக்கொண்டு, வரிசை வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையில் யார் மூச்சு இழுக்கிறது என்று பார்க்காமலே தெரிந்தது. நனைந்த ஊதலை ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். எட்டாம் நாள் அந்தச் சத்தம் பாதையோரத்திலேயே கேட்டது. அக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடம் எப்படி, மலை செய்து முடித்தாயிற்றா என்று கேட்டார். எங்கள் மலையைப் பற்றி எஸ்டேட் முழுவதும் தெரிந்திருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று, எண்ணெய் வைத்தீர்களா அக்கா என்று கேட்டுத் தொலைத்தேன். நாக்கில் சனி. அவருக்குக் கோபம் வரவில்லை. போர்த்தியிருந்த தாளை விலக்கி, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டினார். தேங்காய் நார் மாதிரி வறண்டு, செம்பட்டை ஏறி, நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"தொட்டுப் பாரு பாப்பா. ஸ்டோரு மேல ஏறின நாள்லேருந்து ஒரு சொட்டு எண்ணெ வச்சதில்ல. பூவும் வச்சதில்ல. எம்மக கல்யாணத்துக்குக்கூட வைக்கல்ல, மறுநா வேலைக்குப் போகணுமேன்னு."

தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. அந்தத் தலையைப் பார்த்த யாருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. பள்ளிக்குப் போகாமல் நேராகக் கிடங்குக்கு ஓடினேன். கடையில் இருந்த தோழியின் வாப்பா என்ன ஏது என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே போய், மூன்று மலைகளில் என்னுடைய ஹிமாச்சலைத் தேடி எடுத்து, நடுவில் இருந்த பெரிய சிகரத்தை இரண்டு கையாலும் பிடித்து உடைத்தேன். அதைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன்.

அப்பா கோப்பைகளை வரிசையாக வைத்து மணி பார்த்துத் தேநீரை ஊற வைத்துக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் அந்த நேரத்தில் அம்மாகூடப் போக மாட்டாள். நான் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே வைத்தோம், எப்படி வைத்தோம், எந்தத் தொட்டியில் எது என்று வடக்கு தெற்கு மாறாமல் சொன்னேன். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தம்மா உனக்கு ஏதாவது தின்னக் கொடுத்திருக்கும், அதற்காக நீ பழியை ஏற்றுக்கொள்கிறாய் என்றார். பெரியவர்களின் கற்பனை வளத்தை நாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம்.

நான் சிகரத்தை மேசை மேல் வைத்தேன்.

அப்பா அதை எடுக்கவில்லை. தள்ளி இருந்தபடியே ஒருமுறை மூச்சை இழுத்தார். பிறகு குனிந்து இழுத்தார். அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அதில் நல்ல தேயிலையை இரண்டு கரண்டி போட்டு, சிகரத்தையும் உள்ளே வைத்து மூடினார். என்னைப் பள்ளிக்குப் போகச் சொன்னார். மறுநாள் காலை என்னையும் அழைத்துப் போனார். அந்தத் தேயிலையில் ஒரு கோப்பை, நல்ல தேயிலையில் ஒரு கோப்பை ஊற்றினார். கரண்டியில் எடுத்து, வழக்கம்போல் சத்தமாக உறிஞ்சினார். முதல் கோப்பையை உறிஞ்சியதும் துப்பினார். நெடுநேரம் வாயைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இது எந்த மலை?" என்று கேட்டார்.

"ஹிமாச்சலுங்கப்பா. நடுத்தொடர். நான் செஞ்சதுங்க."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, நீயும் வா என்றார்.

அதற்கு முன் பொருட்காட்சி என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டு மேலே படிக்க மாட்டீர்கள். மலைகள் அடுப்புக்குப் போகவில்லை. அப்பாவே அவற்றைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார், எங்கள் ஃபேக்டரியிலிருந்து முடிந்த அளவு தூரமாகக் கொண்டு போங்கள் என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டார். சிகரம் உடைந்த இடத்தில் ஹிமாச்சலுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தது. நடுவர் ஒருவர் அதைத் தொட்டு இது என்ன என்று கேட்க, கடைக்காரர் மகள் கொஞ்சமும் தயங்காமல் கணவாய் என்றாள். மலைத்தொடர்களில் கணவாய் காட்டிய ஒரே பள்ளி என்று எங்களுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். பூரி நன்றாக இருந்தது. டிரைவர் மகள் ஆறு தின்றாள். சத்தியத்தை மீறிய என்னோடு கடைக்காரர் மகள் இரண்டு வாரம் பேசாமல் இருந்து, பூரி வந்ததும் பேசினாள். இன்றும் தினமும் காலை வணக்கம் என்று பூப்படம் அனுப்புகிறாள். இந்தக் கதையில் அவள் உம்மாவின் வெந்தயத்துக்குத்தான் முதல் பரிசு என்பது அவள் வாதம்.

சரி, காட்டுக்கு வருவோம்.

அப்பா காட்டுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆள் வேண்டுமானால் மேஸ்திரியிடம் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். அன்று அவர் செருப்புக் கால் சேற்றில் புதைய, தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறிப் போனார். காற்றில் குடை திரும்பிக்கொண்டது, அதை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். பறித்துக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. மாடி அக்காவுக்கு எதிரே போய் நின்று என் முதுகில் தட்டினார்.

நான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அக்கா சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரிப்பும் இழுப்பும் கலந்து வந்தன. இமயமலையையே தூக்கிக் கொண்டுவந்து என் தலைமாட்டில் காயப்போட்டாயா என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வரிசைகளிலும் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. அப்பாவும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். அவரைப் பார்த்ததும் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"புள்ள அறியாம செஞ்சது, அத விடுங்க ஐயா. நான் அன்னைக்கே சொன்னேன், எண்ணெ வைக்கல்லன்னு. நீங்க உங்க மூக்கக் கேட்டீங்க. என்னயக் கேக்கல்ல."

அப்பாவின் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகி மூக்கின் நுனியில் சொட்டியது. அதை அவர் துடைக்கவில்லை. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவரிடம்கூட அவர் அதுவரை தன் தப்பு என்று எதையும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"தப்பு என்ற மேலதானுங்க" என்றார் அப்பா. "நாளைக்கு மாடிக்கு வந்துருங்க."

அக்கா தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றினார். கூடை நிறைய ஈரக் கொழுந்து, தண்ணீர் கீழே ஒழுகிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எதுக்கு ஐயா? இப்பவே வாரேன். எனக்கு இழுப்பு, இதத் தூக்கிட்டு எறங்க முடியாது. நீங்க பிடிங்க."

மேஸ்திரி ஓடி வந்தார். அப்பா அவரைக் கையால் தடுத்தார். குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் கூடையைத் தூக்கி அவர் முதுகில் ஏற்றி, கயிற்றை நெற்றியில் சரியாகப் பொருத்தினார்கள். முதல் அடியிலேயே தடுமாறினார். அந்தக் கயிறு கழுத்தை எப்படி இழுக்கும் என்று அவருக்குத் தெரியாது. அக்கா கையை வீசிக்கொண்டு முன்னால் இறங்கினார், அப்பா கொழுந்தோடு பின்னால் இறங்கினார், நான் திரும்பிப்போன குடையோடு கடைசியில் இறங்கினேன். சட்டை முதுகெல்லாம் நனைந்து, வழுக்கும் இடங்களில் செடியைப் பிடித்துப் பிடித்து, அவர் இறங்கி வந்தார். அக்கா இரண்டு இடத்தில் நின்று, ஐயா இங்கே கல் ஆடும், பார்த்து வாங்க என்று சொன்னார்.

கீழே எடைக் கொட்டகையில் கிளார்க் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கூடை வந்து இறங்கியதும் வழக்கம்போல் நிமிராமலே, யார் கொழுந்து என்று கேட்டார்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவின் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரையும் சேர்த்து, முழுப் பெயராக, கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது போலிருக்கிறது. மாடிப்படியில் காலை வைத்தவர் அப்படியே திரும்பி, அப்பாவை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனார்.